ஒரு பொட்டலம் வெள்ளருவி

கத்தரியால் மூலையை வெட்டியதும்
முதலில் வெளியே வருவது மீன் வாடை.
உள்ளே மீன் இல்லை.
சுண்ணாம்புத் தண்ணீரில் மிதக்கும்
சேனைக் குலத்துக் கிழங்கொன்றின் நூல்கள்.
தூக்கிப் பார்த்தால் கண்ணாடி,
கடித்துப் பார்த்தால் ரப்பர்.
ஷிரதாகி என்று பெயர்,
வெள்ளருவி என்று பொருள்.
பெயர் வைத்தவன் அன்று
நன்றாகச் சாப்பிட்டிருக்க வேண்டும்.

முரோகி கோஸோவுக்கு வயது நாற்பத்தொன்று.
தகாசாகி ரயிலடி வாகன நிறுத்தத்தில்
இரவுக் காவல்.
அதற்கு முன் பதினெட்டு வருடம்
சுமோ கூடத்தில் கீழ்வரிசை மல்லன்.
சொல்லிக்கொள்ள ஒரு வெற்றி இல்லை,
சமையலில் மட்டும் பேர் இருந்தது.
பெரிய மல்லர்கள் உண்டு எழுந்தபின்
கடைசிப் பந்தியில் அவன் உட்கார்வான்.
சட்டியில் மிஞ்சிய சாறும்
சோறும் சோறும் சோறும்.
தொண்டை வரை வந்தாலும்
இன்னொரு கிண்ணம் என்பார்கள்.

இப்போது முதல் பந்தியும் அவனே,
கடைசிப் பந்தியும் அவனே.
மருத்துவமனை உணவியலாளர் ஓசுமி
கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னாள்:
"நூற்று நாற்பத்தாறை நூறாக்குங்கள்."
நோட்டுக்குச் சில்லறை கேட்பதுபோல.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்பது
காசு சேர்ப்பதற்கு.
இவன் கட்டுவது
கரைப்பதற்கு.

முதல் வாரம் தக்காளி சாஸ்.
ஒரே பெஞ்சில் உட்கார்ந்த
இரண்டு ஊர்க்காரர்கள் மாதிரி
நூலும் சாஸும்
முகம் பார்த்துக்கொள்ளவில்லை.
இரண்டாம் வாரம் மிசோவும் பாலும்.
எல்லாம் கிண்ணத்தின் அடியில் போய்ப் படுத்தது.
நூல்கள் மட்டும் மேலே,
குளித்துவிட்டு வந்த கோலத்தில்.

மூன்றாம் வாரம்,
துண்டால் கழுத்தைத் துடைக்கும்போது நினைவு வந்தது.
வியர்த்த உடம்பில் பிடி நிற்காது.
மேடையேறுமுன் துடைத்துக்கொள்ள வேண்டும்.
பதினெட்டு வருடம் உடம்புக்குத் தெரிந்தது
வாணலிக்கு வந்துசேர
இருபது நாள் ஆகிவிட்டது.

மூன்று முறை அலசினான்.
கொதிநீரில் இரண்டு நிமிடம், பிறகு வடிகட்டி.
எண்ணெய் இல்லாத வாணலி, நல்ல தீ.
நூற்றில் தொண்ணூற்றேழு தண்ணீர்,
மிச்சம் மூன்று பிடிவாதம்.
தண்ணீர் கிளம்பியதும் அது பேசத் தொடங்கியது:
கீச்.
கீச், கீச்.
மழையில் புது ரப்பர் செருப்பு நடப்பதுபோல்.
கீச்சொலி நின்றதும்
சோயா, இஞ்சி, ஒரு சிட்டிகை மிளகாய்.
பிடித்துக்கொண்டது.

இரவு இரண்டு மணி, காவல் கூண்டு.
அகாகி மலைக் காற்று
கண்ணாடியை உலுக்கிக்கொண்டிருந்தது.
சீட்டுக் கணக்குப் பார்க்கும் செகினே அம்மாள்
டப்பாவைத் திறந்தாள்:
உருளைக்கிழங்கு கொரோக்கே இரண்டு.
வயிற்றில் பாதியை வெட்டி எடுத்த ஆள்,
முப்பத்தெட்டுக் கிலோ.
எப்படியாவது எடை ஏற்று என்று
அவளுக்கு வேறொரு மருத்துவர்.

"உங்களுடையது என்ன?"
"ஒன்றுமில்லாதது" என்றான்.
அவள் ஒரு வாய் எடுத்தாள்.
"பல்லிலும் கீச்சிடுகிறதே!"
இன்னொரு வாய்.
"அறுவைக்குப் பிறகு இன்றைக்குத்தான்
கார வாசனை மூக்குக்கு எட்டியது."
மூன்றாவதுக்கு அவன் கையை மறித்தான்:
"வேண்டாம். இதில் உங்களுக்கு
ஏறுவதற்கு எதுவுமே இல்லை."

அவள் சிரித்த சிரிப்பில்
தானியங்கித் தடுப்புக் கம்பம்
யாரும் இல்லாமலே ஒருமுறை உயர்ந்து தாழ்ந்தது.
முழங்கை பொத்தானில் பட்டுவிட்டதாம்.

மறுநாளிலிருந்து ஒரே வாணலியில் இரண்டு பங்கு.
ஒன்றில் பன்றிக்கறி, முட்டை, எள்ளெண்ணெய்.
மற்றொன்றில் முட்டைக்கோசும் நம்பிக்கையும்.
டப்பாக்கள் இடம் மாறாமல் இருக்க
அவளுடையதற்குச் சிவப்பு ரப்பர் பாண்ட்.

எல்லாம் சரி. அந்த முதல் இரவு
அவளால் முடியாமல் மீந்த கொரோக்கே
கூண்டு மேஜையில் இருந்தது,
மேலோடு இன்னும் மொறுமொறுப்பாக.

விடிந்ததும் ஓசுமியின் கணக்கு நோட்டை எடுத்து
பொறுமையாக எழுதினான்.
ஷிரதாகி ஒரு பொட்டலம்: பன்னிரண்டு கலோரி.
கொரோக்கே: அரை.
பேனாவை மூடினான்.
திறந்தான்.
"அரை"யை அடித்துவிட்டு
"முக்கால்" என்று திருத்தினான்.